டிபியா, கிரோனா? குடல் அழற்சியைக் கண்டறியும் வழி

ஆவடியில் ஏறி சென்ட்ரலில் இறங்கும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் படிக்க விளம்பரம் கிடைக்கும். மூலம், பவுத்திரம், ஆசனவெடிப்பு, ஆபரேஷன் இல்லாமல் குணம் என்று ஒரு செல்போன் நம்பரோடு ஒட்டியிருப்பார்கள். மலத்தில் ரத்தம் பார்த்த மனிதர் முதலில் கூப்பிடுவது பெரும்பாலும் அந்த மாதிரி நம்பரைத்தான். இல்லையென்றால் தெருமுனை மருந்துக்கடை. பலருக்கு அது மூலமாகவே இருந்து அடங்கியும் விடுகிறது. அடங்காத சிலர் மாதக்கணக்கில் பேதியோடும் வலியோடும் அலைந்து, பெல்ட்டில் புதுத் துளை போடும் அளவுக்கு இளைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் குடல் அழற்சி நோய் என்ற பெயரை முதன்முறையாகக் கேட்கிறார்கள்.

அது ஒரே நோயின் பெயர் இல்லை. முக்கியமாக இரண்டு நோய்கள் அதற்குள் அடக்கம். ஒன்று அல்சரேட்டிவ் கோலைடிஸ். ஆசனவாயை ஒட்டிய மலக்குடலில் தொடங்கி, இடையில் எங்கும் விட்டுவைக்காமல் பெருங்குடலில் மேலே ஏறும். குடலின் உள்தோலோடு நின்றுவிடும். இன்னொன்று கிரோன் நோய். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும். இங்கே கொஞ்சம், நடுவில் நல்ல குடல், அங்கே கொஞ்சம் என்று தாவும். குடல்சுவரின் முழுத் தடிமனையும் அரிக்கும். இரண்டிலும் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலோடேயே சண்டை பிடிக்கிறது. இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வரும் வியாதி என்று நம் ஊர் மருத்துவர்களே ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். பஞ்சாபில் வீடு வீடாகப் போய்ப் பார்த்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரு லட்சம் பேரில் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ் இருப்பதாகச் சொன்னது. அந்த நினைப்பு அதோடு போயிருக்க வேண்டும்.

லண்டனில் எழுதிய பாடப்புத்தகத்தை அப்படியே வைத்துக்கொண்டு அம்பத்தூரில் நோய் கண்டுபிடிக்க முடியாது. காரணம், இங்கே மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறது: குடல் காசநோய். கிரோனும் டிபியும் தங்குவதற்கு விரும்பும் இடம் ஒன்றே, சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் அந்த மூலை, வலது அடிவயிறு. இரண்டும் புண் போடும், குடலைச் சுருக்கும், காய்ச்சல் தரும், எடையைத் தின்னும். சிகிச்சை மட்டும் நேர் எதிர். கிரோனுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. டிபிக்குக் கிருமியைக் கொல்லும் மருந்து. டிபி நோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடம்பெங்கும் பரவலாம். கிரோன் நோயாளிக்கு டிபி மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் ஈரலுக்கு ஆபத்து, அதைவிட மெதுவாக வரும் ஆபத்து, சிகிச்சையில்லாத குடல் தழும்பாகிச் சுருங்குவது.

இந்தக் குழப்பம் நோய்க்குப் பெயர் வைப்பதற்கு முன்பே தொடங்கியது. கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் கென்னடி டால்சியல் 1913-ல் சில நோயாளிகளின் குடலை விவரித்தார்: பார்த்தால் காசநோய் போல, தேடினால் கிருமி இல்லை. 1932-ல் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 14 பேரை வைத்துக் கட்டுரை எழுதியபோதும் அவர்கள் செய்த முக்கிய வேலை, இது டிபி இல்லை என்று நிரூபித்ததுதான். ஆசிரியர் பெயர்கள் அகர வரிசையில் நின்றதால் நோய்க்கு கிரோன் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த நிரூபணத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது. எப்படி என்று பார்க்க ஒரு கற்பனை மனிதரை எடுத்துக்கொள்வோம். வயது 27. வீடு ஆவடி பக்கம், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி மிஷினில். ஷிப்ட் மாறி மாறி வரும். ஆறு மாதமாக வயிறு சரியில்லை.

முதல் படி, உட்கார்ந்து பேசுவது. இதற்குச் செலவு இல்லை என்பதாலேயே இதற்கு மதிப்பும் இல்லாமல் போய்விட்டது. கூட்டமான ஓபியில் மூன்று நிமிடத்தில் மெட்ரோகில் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. பேசினால் கிடைப்பது இது:

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை மோஷன் போறீங்க?"

"அஞ்சாறு தடவை சார்."

"ராத்திரி தூக்கத்துல எழுந்து போறீங்களா?"

"ரெண்டு வாட்டி போறேன். அதுக்காகவே நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிட்டேன், முழிச்சிருந்தா பரவால்லன்னு."

"வலி எப்போ வருது?"

"சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல. வலது பக்கம் உருண்டையா ஏதோ எழும்பி நகர்ற மாதிரி இருக்கும். கடகடன்னு சத்தம் வந்து, காத்து பிரிஞ்சா விட்டுடும்."

இதில் இரண்டு பதில்கள் தங்கம். தூக்கத்தைக் கலைக்கும் பேதி. ஐபிஎஸ் என்ற, புண்ணோ அழற்சியோ இல்லாத குடல் தொந்தரவு நம் ஊரில் மிகச் சாதாரணம். ஆனால் ஆள் தூங்கினால் அதுவும் பெரும்பாலும் தூங்கிவிடும். ராத்திரி எழுப்பும் பேதி, ரத்தம், காய்ச்சல், எடைக் குறைவு, ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐபிஎஸ் என்று முத்திரை குத்தக் கூடாது. அடுத்தது, உருண்டு எழும்பிச் சத்தத்தோடு விட்டுப்போகும் வலி. குடல் எங்கோ சுருங்கியிருக்கிறது, சாப்பாடு அந்தச் சந்துக்குள் நெருக்கிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். கிரோனிலும் டிபியிலும் இது வரும். அல்சரேட்டிவ் கோலைடிஸில் வருவது அரிது. கோலைடிஸ்காரர் சொல்லும் கதை வேறு: சளியும் ரத்தமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, போய்விட்டு எழுந்தாலும் இன்னும் பாக்கி இருப்பது போல முக்கல், அவசரம், பஸ்ஸில் ஏறவே பயம்.

நாட்களின் கணக்கும் முக்கியம். ஒரு வாரப் பேதி பெரும்பாலும் கிருமித் தொற்று. நான்கு வாரத்தைத் தாண்டினால் நாள்பட்டது. அப்போதுதான் இந்தப் பாதையில் நடக்கத் தொடங்க வேண்டும். விதிவிலக்கு ஒன்று. ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தமாகப் போய், நாடித்துடிப்பு 90-ஐத் தாண்டியோ, காய்ச்சல் 37.8 டிகிரிக்கு மேலோ, ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழோ இருந்தால் ஓபியில் வரிசையில் நிற்கும் நோய் அல்ல அது. ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 1955-ல் போட்ட இந்த அளவுகோல் சிறு மாற்றங்களோடு இன்றும் வழக்கில் இருக்கிறது. அன்றே அட்மிஷன், வயிற்று எக்ஸ்ரே. பெருங்குடலின் குறுக்குப் பகுதி 6 செ.மீ. அகலத்துக்கு உப்பியிருந்தால் அறுவை மருத்துவரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பழைய கதை. இங்கேதான் நம் ஊருக்கென்று கேள்விகள் சேரும். வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா? கூட வேலை செய்தவருக்கு, ஒரே அறையில் தங்கியவருக்கு? இவருக்கே சின்ன வயதில் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்ட ஞாபகம் உண்டா, அப்போது சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதா? டிபி என்ற சொல்லைச் சொல்லக் கூசுபவர்கூட அந்த நிறத்தைச் சொல்லிவிடுவார். ரிஃபாம்பிசின் மாத்திரையின் அடையாளம் அது. சர்க்கரை, எச்ஐவி பற்றியும் கேட்க வேண்டும். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை தினமும் போட்டாரா என்பது மிக முக்கியம். எட்டு மணி நேரம் நின்று மிஷின் ஓட்டுபவர்களிடம் இந்தப் பழக்கம் சகஜம். அந்த மாத்திரையே சிறுகுடலின் கடைசியில் கிரோன் போலப் புண் போடும். சிகரெட் கிரோனைக் கெடுக்கும். விசித்திரமாக, கோலைடிஸ் சிலருக்கு சிகரெட்டை விட்ட பிறகு தலைகாட்டும். அதற்காக யாரும் மறுபடி பற்றவைக்க வேண்டாம்.

கண் சிவந்து வலித்ததா, முழங்கால் மாறி மாறி வீங்கியதா, வாயில் புண் வந்து வந்து போகிறதா, காலில் சிவந்த வலிக்கட்டிகள் எழுந்தனவா என்பதும் வயிற்று நோய்க்கான கேள்விகள்தான், நோயாளிக்கு அப்படித் தோன்றாவிட்டாலும். பிறகு பவுத்திரம். இளவயதில் பவுத்திரம் வந்து, ஆபரேஷன் செய்தும் திரும்பி, வேறு துவாரத்தில் சீழ் கசிந்தால் அது வெறும் பவுத்திரமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கிரோன் ஆசனவாயைத் துளைத்து வெளியே வரும் நோய். விளம்பர நம்பர்களைக் கூப்பிட்டு நூல் கட்டிக்கொண்டு வருடங்களை இழப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். என் ஆத்திரம் நோயாளியிடம் இல்லை. பரிசோதிக்காமலேயே கத்தியும் நூலும் எடுப்பவர்களிடம்.

மூன்றாவது, கை வைத்துப் பார்ப்பது. எடை, கண் இமையின் வெளுப்பு, கழுத்தில் நெறிக்கட்டி, வயிற்றில் நீர், வலது அடிவயிற்றில் மாவு உருண்டை போல ஒரு திரட்சி. நெறிக்கட்டியும் வயிற்று நீரும் இருந்தால் தராசு டிபி பக்கம் கொஞ்சம் சாயும். கடைசியில் ஆசனவாய்ப் பரிசோதனை. இதைத் தவிர்ப்பதில் மருத்துவருக்கும் நோயாளிக்கும் பேசாமலே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. வெட்கத்தால் தவறும் இந்த ஒரு நிமிடத்தில்தான் துவாரங்களும் வெடிப்புகளும், சில சமயம் நடுத்தர வயதுக்காரரின் புற்றுநோயும் கண்ணில் படாமல் போகின்றன.

ரத்தமும் மலமும் அடுத்து. ஹீமோகுளோபின், தட்டணுக்கள், ஈஎஸ்ஆர், சிஆர்பி, அல்புமின், இரும்புச் சத்து, பி12. இவை அழற்சி எவ்வளவு என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. மலத்தில் அமீபாவையும் புழுவையும் மற்ற கிருமிகளையும் தேட வேண்டும். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவருக்குக் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் சோதனையும். அமீபாவின் புண்ணைக் கோலைடிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் குடலே ஓட்டையாகலாம். மலத்தில் பார்க்கும் கால்ப்ரோடெக்டின் என்ற சோதனை ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அழற்சி இல்லை என்று ஓரளவு நிம்மதியாகலாம். 250-ஐத் தாண்டினால் குடலுக்குள் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் கிரோனா டிபியா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. டிபியைத் தேடப் போடும் மாண்டூ ஊசியும், அதன் விலையுயர்ந்த தம்பியான ரத்தச் சோதனையும் இங்கே கைகொடுப்பது குறைவு: நம்மில் ஏராளமானோர் உடலில் டிபி கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது, பாசிட்டிவ் வந்தால் அது குடல் புண்ணுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. நெஞ்சு எக்ஸ்ரே எளிமையானது, கட்டாயம் எடுக்க வேண்டியது. அதில் டிபி தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது. தெரியாவிட்டால் குடலில் டிபி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இப்போது கொலோனோஸ்கோப்பி. பலர் பயப்படுவது குழாய்க்கு. உண்மையில் கஷ்டமானது முந்தின இரவு. இரண்டு லிட்டருக்கு மேல் அந்த உப்புக்கரிக்கும் கரைசலைக் குடித்து, குடல் தெளிந்த நீராகும் வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். நான்கு குடித்தனத்துக்கு ஒரே கழிவறை உள்ள காம்பவுண்ட் வீட்டில் இதை எப்படிச் செய்வது என்று மருந்துச் சீட்டில் எழுதியிருக்காது. அப்படிப்பட்ட வீடென்றால் முன்பே சொல்லிவிட வேண்டும். முந்தின நாளே அட்மிட் செய்து வார்டில் தயார் செய்யக் கேட்பது நியாயமான கோரிக்கை. குடலில் சுருக்கம் இருக்கிறதென்று சந்தேகப்பட்டால் கரைசலை மடமடவென்று குடிக்கவும் கூடாது. சரியாகத் தயாராகாத குடலில் பார்த்த கொலோனோஸ்கோப்பி, பார்க்காததைவிட மோசம்; "நார்மல்" என்று ஒரு தாள் கையில் வந்துவிடும்.

குழாய் பெருங்குடல் முழுவதும் போய், இரண்டு குடலும் சேரும் இடத்தில் உள்ள வால்வைத் தாண்டி சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் அது எழுதியிருக்கிறதா என்று நோயாளியே பார்த்துக்கொள்ளலாம். மலக்குடலிலிருந்தே சிவந்து, தொட்டால் ரத்தம் கசிந்து, ஒரு இடத்தில் கோடு போட்டாற்போல் நின்றால் கோலைடிஸ். மலக்குடல் நன்றாக இருந்து, நீளவாக்கில் புண், நடுநடுவே நல்ல தோல், கூழாங்கல் பதித்த தரை போன்ற மேடு பள்ளம் என்றால் கிரோன் என்ற எண்ணம் வலுக்கும். புண் குறுக்குவாட்டில் குடலைச் சுற்றி ஓடி, வால்வு வாய் பிளந்து நின்று, பாதிப்பும் ஓரிரு பகுதிகளோடு முடிந்தால் டிபி. புத்தகத்தில் இவ்வளவு சுத்தமாக இருக்கும். குடலுக்குள் நம் சிஎன்சி ஆபரேட்டர் போன்றவர்களிடம் பார்ப்பது வால்வைச் சுற்றி ஒழுங்கற்ற புண், மேலே போகும் பெருங்குடலில் இரண்டு சின்னப் புண்கள், சிறுகுடலுக்குள் நுழைய விடாத ஒரு சுருக்கம்.

ஆகவே சதை எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பாதையிலேயே மிக மலிவான, மிக அடிக்கடி தவறுகிற முடிவு இங்கே நடக்கிறது: எடுத்த சதையை எந்த பாட்டிலில் போடுவது? ஃபார்மலினில் போட்டால் நோய்க்குறியியல் நிபுணர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம்; ஆனால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. கல்ச்சருக்கும், சிபிநாட் என்று டிபி பிரிவில் சொல்லும் மரபணுச் சோதனைக்கும் இன்னொரு பங்கை வெறும் சலைனில் போட்டு அன்றே அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் மறுபடி குடலைச் சுத்தம் செய்து, மறுபடி குழாய் விட்டு, மறுபடி ஒரு நாள் சம்பளம் போக வேண்டும். கொலோனோஸ்கோப்பி அறைக்குள் போகும் முன் "டிபி கல்ச்சருக்கும் அனுப்பறீங்களா சார்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும். கேட்டால் கோபப்படுகிற மருத்துவர்கள் குறைவு.

சதையும் புண்ணிலிருந்து மட்டும் எடுத்தால் போதாது. புண்ணின் ஓரத்தில் பல துண்டுகள், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பகுதிகளிலும் மலக்குடலிலும் சில துண்டுகள், இடம் வாரியாகத் தனித்தனி பாட்டிலில். இதற்குக் காரணம் வேலூரிலிருந்து வந்தது. சிஎம்சி மருத்துவமனையின் அன்னா புலிமூட், பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் 1999-ல் 'கட்' என்ற பிரிட்டிஷ் ஆய்விதழில் இதைப் பற்றி எழுதினார்கள். இரண்டு நோயிலும் கிரானுலோமா என்ற, அழற்சிச் செல்கள் கூடித் திரண்ட முடிச்சுகள் இருக்கும். டிபியில் அவை பெரியவை, சில 400 மைக்ரானைத் தாண்டும். நிறைய இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சில நடுவில் அழுகிக் கட்டிதட்டியிருக்கும். கிரோனில் அவை சின்னவை, 200 மைக்ரானுக்கும் குறைவு, அங்கொன்று இங்கொன்று. கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்த குடலிலும் மைக்ராஸ்கோப்பில் அழற்சி தெரியும். நல்ல இடத்தில் சதை எடுக்காவிட்டால் அந்தக் கடைசித் தடயம் கிடைக்க வழியே இல்லை.

கிருமியே கண்ணில் பட்டால், கல்ச்சர் வளர்ந்தால், சிபிநாட் பாசிட்டிவ் என்றால், அல்லது நடு அழுகிய முடிச்சு தெரிந்தால் டிபி என்று முடித்துக்கொள்ளலாம். சிக்கல், குடல் டிபியில் கிருமிகள் மிகக் குறைவு. சோதனை நெகட்டிவ் வருவதால் டிபி இல்லை என்று அர்த்தமில்லை. "ரிப்போர்ட் நெகட்டிவ், அப்போ கிரோன்" என்று எழுதுபவர் அவசரப்படுகிறார். ரிப்போர்ட்டில் "டிபி, கிரோன் இரண்டும் சாத்தியம்" என்று வந்தால் நோயாளிக்கு எரிச்சல் வரும்; அது பெரும்பாலும் நேர்மையான ரிப்போர்ட். சந்தேகம் நீடித்தால் கண்ணாடி ஸ்லைடுகளையும், சதை பதித்த மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்கி வேறு நிபுணரிடம் காட்டலாம்.

ஸ்கேன் இதற்குப் பிறகுதான், முன்பு அல்ல. வயிறு வலி என்றதும் நேராக சிடி எடுத்துக்கொண்டு வருபவர்களின் படத்தில் பாதி நேரம் குடல் சுருங்கிக் கிடக்கும். எது சுவர், எது மடிப்பு என்றே தெரியாது. குடலைப் பார்க்கும் சிடிக்கு என்டரோகிராஃபி என்று பெயர். மானிட்டால் மாதிரி ஒரு கரைசலை ஒரு லிட்டருக்கு மேல், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக் குடலை விரித்துக்கொண்டு, நரம்பில் சாயம் ஏற்றி எடுப்பது. அதையே எம்ஆர்ஐயில் செய்தால் கதிர்வீச்சு இல்லை. வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுக்க வேண்டிய இளவயதுக்காரருக்கு அதுவே நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஸ்கேன்களைக் குறைந்த கட்டணத்தில் எடுக்கலாம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் எஸ்டேட் தொழிலாளிக்கு இஎஸ்ஐ உரிமை உண்டு, அயனாவரம், கே.கே. நகர் மருத்துவமனைகளை மறந்துவிட்டுத் தனியாரிடம் கடன் வாங்கிச் செலவழிப்பவர்கள் அதிகம்.

படத்தில் என்ன தேடுகிறார்கள்? குடல் நீளமாகத் தடித்திருக்கிறதா, பல இடங்களில் விட்டுவிட்டா, குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சீப்புப் பற்கள் போல வரிசை கட்டி நிற்கின்றனவா, குடலைச் சுற்றிக் கொழுப்பு படர்ந்திருக்கிறதா, இவை கிரோன் பக்கம். நடுவில் செத்துப்போன, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய நெறிக்கட்டிகள், வயிற்று நீர், வயிற்றுறையின் தடிப்பு, குட்டையான பாதிப்பு, இவை டிபி பக்கம். டெல்லி எய்ம்ஸ் குழு இதில் ஒரு சுவாரசியமான அளவைக் கண்டுபிடித்தது: வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பை, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பால் வகுத்துப் பார்ப்பது. விடை 0.63-ஐத் தாண்டினால் கிரோனுக்கு வாய்ப்பு கூடும். இன்னொரு கருவி, நம் ஊரில் இன்னும் போதுமான மதிப்புப் பெறாதது, சாதாரண அல்ட்ராசவுண்ட். பழகிய கையில் அது குடல்சுவர் 3 மில்லிமீட்டரைத் தாண்டித் தடித்திருப்பதையும் ரத்தவோட்டம் கூடியிருப்பதையும் காட்டிவிடும். வெறும் வயிற்றோடு வந்தாலே போதும். விழுங்கும் கேமரா மாத்திரை பற்றிக் கேள்விப்பட்டுக் கேட்பவர்கள் உண்டு. சுருக்கம் இருக்கும் குடலில் அது போய்ச் சிக்கிக்கொள்ளும். நம் ஆளுக்கு வேண்டாம்.

அவருடைய ஸ்கேனில் சிறுகுடலின் கடைசியில் தடிப்பும் சுருக்கமும், நெறிக்கட்டிகள் உண்டு, ஆனால் சின்னவை, நீர் இல்லை. சதையில் முடிச்சுகள் மூன்று, சுமார் அளவு, அழுகல் இல்லை. சிபிநாட் நெகட்டிவ். கல்ச்சர் இன்னும் வரவில்லை. அதற்கு ஆறு வாரம் வரை ஆகலாம். தராசு கிரோன் பக்கம் லேசாகச் சாய்ந்தபடி ஆடிக்கொண்டிருக்கிறது.

இங்கே இந்திய மருத்துவம் ஒரு வழி வைத்திருக்கிறது: டிபி மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது. இதைக் குருட்டடி என்று கேலி செய்பவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், முடிவு தேதி போட்டுக்கொண்டு செய்தால். டிபிக்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதும், சானடோரியம் தேவையில்லை என்று உலகத்துக்கு 1959-ல் காட்டியது 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம். வயிற்று டிபிக்கு ஆறு மாத மருந்து போதும் என்ற ஆய்வும் அதே மையத்திலிருந்து 1997-ல் வந்தது. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ அரசு மருத்துவமனையின் டிபி பிரிவில் பெயர் பதிந்தால் மருந்து இலவசம், சத்துணவுக்குப் பணம் வங்கிக்கு வரும். தனியார் மருத்துவரும் டிபி மருந்து எழுதினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம்.

குருட்டடியாவது எப்போது என்றால், தொடங்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காதபோது. பேதி குறைந்தது, பசி வந்தது என்பதை மட்டும் நம்பக் கூடாது. டிபி மருந்து சாப்பிடும் கிரோன் நோயாளிகள் சிலருக்கும் முதலில் உடம்பு தேறியது போல இருக்கும். உண்மையைச் சொல்வது புண். இரண்டு முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி கொலோனோஸ்கோப்பி செய்து பார்த்தால், டிபியாக இருந்த புண் ஆறியிருக்கும், அல்லது ஆறுவது தெளிவாகத் தெரியும். கிரோன் புண் அப்படியே இருக்கும். நன்றாக இருக்கிறேனே, எதற்கு மறுபடி அந்தக் கரைசல் என்று இந்த இரண்டாவது கொலோனோஸ்கோப்பிக்கு வராமல் விடுபவர்களால்தான் ஆறு மாதம் ஒன்பதாகி, ஒன்பது பன்னிரண்டாகி, கடைசியில் அடைத்துக்கொண்ட குடலோடு எமர்ஜென்சி ஆபரேஷனில் கிரோன் கண்டுபிடிக்கப்படுகிறது. முதல் மாத்திரை தரும் நாளிலேயே இரண்டாவது கொலோனோஸ்கோப்பியின் தேதியை நோட்டில் எழுதிவிட வேண்டும். இடையில் ஈரல் சோதனை. கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வர வேண்டும். சுருக்கம் இருப்பவர் என்பதால் இன்னொரு எச்சரிக்கை: டிபி புண் ஆறும்போது தழும்பால் சுருக்கம் கூடலாம். வாந்தி, வயிறு உப்பல், காற்றும் பிரியாமை என்றால் காத்திருக்கக் கூடாது.

இரண்டு மாதம் முடிந்தது. கல்ச்சர் நெகட்டிவ். மறுபடி குழாய் உள்ளே போகிறது. புண் ஆறியிருந்தால் கேள்வி முடிந்தது: டிபி, மீதி நான்கு மாதம், பிறகு வேலைக்கு. நம் கற்பனை மனிதருக்குப் புண் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே போகும் பெருங்குடலில் புதிதாக ஒன்று முளைத்தும் இருக்கிறது. இப்போதும் கிரோன் என்று உடனே எழுதிவிடக் கூடாது. மருந்துக்கு அடங்காத டிபி என்ற வாய்ப்பு பாக்கி இருக்கிறது. மறுபடி சதை, மறுபடி சலைன் பாட்டில், மறுபடி கல்ச்சர். மாத்திரையை உண்மையிலேயே தினமும் சாப்பிட்டாரா என்று குற்றம் சாட்டாத குரலில் ஒரு விசாரிப்பு. நைட் ஷிப்ட் மாறும் வாரங்களில் விட்டுப்போவது இயல்பு. அதுவும் சரியாக இருந்து, முதல் கொலோனோஸ்கோப்பியின் படங்களும் சதையும் ஸ்கேனும் ஒன்றாக மேசையில் விரித்துப் பார்த்தும் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால், டிபி மாத்திரையை நிறுத்தலாம்.

அடுத்து மஞ்சள் காமாலை பி வைரஸுக்கும் எச்ஐவிக்கும் சோதனை, நெஞ்சு எக்ஸ்ரே மீண்டும், பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. நோட்டில் மருத்துவர் எழுதுவது மூன்று எழுத்தும் மூன்று எண்ணும்: ஏ2, எல்3, பி2. 2005-ல் மாண்ட்ரியலில் ஒப்புக்கொண்ட சுருக்கெழுத்து. 17-லிருந்து 40 வயதுக்குள் கண்டுபிடித்தது, சிறுகுடல் கடைசியும் பெருங்குடலும் சேர்ந்த பாதிப்பு, சுருக்கம் உண்டு. கடைசி எண்தான் அவருடைய அடுத்த மாதங்களைத் தீர்மானிக்கும். ஸ்கேனில் அந்தச் சுருக்கம் அழற்சியின் வீக்கம் போலத் தெரிந்தால் மருந்து முதலில். தழும்பு போலத் தெரிந்து, பின்னால் குடல் உப்பியிருந்தால் பலூன் வைத்து விரிப்பதா, அந்தத் துண்டை வெட்டி எடுப்பதா என்று அறுவை மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.